கருப்பு உடுத்தியவர்கள்

சில வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது நான் செய்த ஒரு சின்னத் தவறைப் பற்றி இதுவரை இங்கே எழுதியதில்லை. இன்று அதையும் சொல்லி, அதன் காரணமாக நான் தேடிப் படித்துத் தெரிந்துகொண்ட ஒரு சரித்திரத்தையும் சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமான பதிவு. காப்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மகள் இருப்பது லீட்ஸ் நகரத்தில். அங்கிருந்து காரில் சுமார் இரண்டு மணி நேரம் போனால் விட்பி என்று ஒரு கடற்கரை ஊர். குன்றின் மேல் இடிந்துபோன பழைய மடாலயம், கீழே மீன்பிடித் துறைமுகம், நடுவில் ஏறிப்போக 199 படிகள். அக்டோபர் மாதக் கடைசி. மாப்பிள்ளை வண்டியை நிறுத்திவிட்டு எங்களை அழைத்துக்கொண்டு ஊருக்குள் நடந்தார். தெருவெல்லாம் கருப்பு உடைக்காரர்கள். கருப்புத் தொப்பி, தரையைக் கூட்டும் கருப்புப் பாவாடை, கருப்புக் குடை, முகத்தில் வெள்ளைப் பூச்சு, உதட்டிலும் கருப்புச் சாயம். நான் மாப்பிள்ளையிடம், "யாரோ பெரிய மனிதர் தவறிவிட்டார் போலிருக்கிறதே" என்று மெதுவாகக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "இல்லை மாமா, இவர்கள் கோத். வருஷா வருஷம் இங்கே கூடுவார்கள்" என்றார்.

படிக்கட்டில் ஏறும்போது எனக்கு முன்னால் ஒரு அம்மாள் நின்றிருந்தார். அறுபதை நெருங்கும் வயது இருக்கும். கையில் கருப்பு லேஸ் வைத்த குடை. ஆறு வயதுப் பேத்தி அந்தக் குடையைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினாள். நான் வெடுக்கென்று அவள் கையைப் பிடித்து என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அந்த அம்மாள் அதைப் பார்த்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு படி ஒதுங்கி எங்களுக்கு வழி விட்டார். அவ்வளவுதான் நடந்தது. மீதியைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் இவர்கள் யார் என்று பார்ப்போம்.

பெயர் வந்த வழி

கோத் என்ற பெயரை ஆராய்ந்தால் ஒரு வேடிக்கை தெரிகிறது. அது ஆரம்பத்திலிருந்தே யாரோ யாரையோ மட்டம் தட்டுவதற்காகச் சொன்ன சொல்லாகவே ஊர் சுற்றியிருக்கிறது.

முதலில் அது ஓர் இனத்தின் பெயர். ஐரோப்பாவில் ரோமப் பேரரசின் வட எல்லைக்கு அப்பால் இருந்த ஜெர்மானியக் குலங்களில் ஒன்று கோத் குலம். கி.பி. 410ல் அலாரிக் என்ற தலைவனின் கீழ் இவர்கள் ரோம் நகருக்குள் புகுந்து சூறையாடினார்கள். உலகத்தின் தலைநகரம் என்று நினைத்திருந்த ஊர் விழுந்த அதிர்ச்சியில், கோத் என்றாலே காட்டுமிராண்டி என்று ஆகிவிட்டது. இதே இனத்தைச் சேர்ந்த தியோடோரிக் என்ற மன்னன் பிறகு இத்தாலியை முப்பது வருடங்களுக்கு மேல் ஆண்டான். ரோமானியச் சட்டங்களையும் கட்டடங்களையும் காப்பாற்றினான். அது யாருக்கும் நினைவில் நிற்கவில்லை. சூறையாடியது மட்டும் நின்றது.

அடுத்தது கட்டடம். 12ஆம் நூற்றாண்டில் பாரிஸ் பக்கத்தில் சான் தெனி ஆலயத்தில் தொடங்கி ஒரு புதுவகைக் கட்டடக்கலை பரவியது. கூரான வளைவுகள், வானத்தைக் குத்துகிற கோபுரங்கள், வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். அதைக் கட்டியவர்களுக்கும் கோத் இனத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்த இனம் சரித்திரத்திலிருந்து மறைந்து சில நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வசாரி என்ற ஓவியர், கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதும்போது, பழைய ரோமானிய அழகுக்குப் பொருந்தாத இந்தக் கட்டடங்கள் எல்லாம் கோத்துகளின் வேலை என்று இகழ்ந்தார். அந்த வசைதான் கோதிக் கட்டடக்கலை என்று பாடப் புத்தகம் வரை வந்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் அந்தப் பாணியை மறுபடி விரும்பி எடுத்து, போன ஊரிலெல்லாம் கட்டினார்கள். நம் சாந்தோம் பேராலயத்தின் இன்றைய கட்டடம் 1890களில் எழுந்தது அப்படித்தான். அந்த வழியாகப் போகும்போது வெள்ளைக் கோபுரத்தையும் கூரான ஜன்னல்களையும் நிமிர்ந்து பாருங்கள். காட்டுமிராண்டி வேலை என்று பெயர் வாங்கிய கலை அது.

மூன்றாவது கதை. ஹொரேஸ் வால்போல் என்பவர் இங்கிலாந்தின் முதல் பிரதமராகக் கருதப்படும் ராபர்ட் வால்போலின் மகன். கோதிக் பாணியில் தனக்கென்று ஒரு வீடே கட்டிக்கொண்டவர். 1764ல் 'தி காசில் ஆஃப் ஒட்ரான்டோ' என்ற நாவலை எழுதினார். கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் மேல் ராட்சத அளவு இரும்புத் தலைக்கவசம் ஒன்று வானத்திலிருந்து விழுந்து அவனை நசுக்கிவிடுகிறது. அப்படித்தான் கதையே ஆரம்பம். நம் தலைமுறைக்காரர்களுக்கு விட்டலாச்சார்யா படங்கள் ஞாபகம் வரும். முதல் பதிப்பில் இது பழைய இத்தாலியப் புத்தகத்தின் மொழிபெயர்ப்பு என்று கதை விட்டார். நன்றாக விற்றதும் அடுத்த பதிப்பில் தானே எழுதியதாக ஒப்புக்கொண்டு, கோதிக் கதை என்று துணைத் தலைப்பும் கொடுத்தார். பாழடைந்த கோட்டை, ரகசிய வழி, ஆவி, பழைய பாவத்தின் பலன் என்று அதன் பின்னால் ஒரு கதை வம்சமே வந்தது. படித்தவர்கள் மட்டமான ரசனை என்று முகம் சுளித்தார்கள். அந்த வம்சத்தில்தான் 1818ல் மேரி ஷெல்லியின் ஃப்ராங்கன்ஸ்டைனும், 1897ல் பிராம் ஸ்டோக்கரின் டிராகுலாவும் பிறந்தன.

விட்பியும் துக்கமும்

இங்கேதான் விட்பி வருகிறது. ஸ்டோக்கர் 1890 கோடையில் அந்த ஊரில் வந்து தங்கினார். ஊர் நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தில்தான் டிராகுலா என்ற பெயரைக் கண்டெடுத்தார். அதற்கு ஐந்து வருடம் முன்பு அந்தக் கரையில் டிமித்ரி என்ற ரஷ்யக் கப்பல் தரை தட்டியிருந்தது. நாவலில் அதை டிமீட்டர் என்று மாற்றினார். இறந்த மாலுமியோடு கப்பல் கரையில் மோத, பெரிய நாய் ஒன்று அதிலிருந்து குதித்து இருட்டில் குன்றின் பக்கம் ஓடி மறைகிறது. டிராகுலா இங்கிலாந்தில் கால் வைத்தது அப்படி. குன்றின் மேல் இருப்பதோ இடிந்த கோதிக் மடாலயம். கோத் கூட்டத்தார் வேறு ஊர் தேடாமல் இங்கே வந்து கூடுவதன் காரணம் புரிந்திருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. விட்பி கரையில் ஜெட் என்ற கரிய பொருள் கிடைக்கிறது. கோடிக்கணக்கான வருடங்கள் மண்ணுக்கடியில் அழுந்திக்கிடந்து கல்லாகிப்போன மரம் அது. செதுக்கித் தேய்த்தால் கண்ணாடி போல மின்னும். 1861 டிசம்பரில் விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட் காலமானார். அப்போது அவருக்கு வயது 42. அதன்பின் 1901ல் தான் இறக்கும் வரை, சுமார் நாற்பது வருடங்கள், கருப்புதான் உடுத்தினார். ராணியைப் பார்த்து நாடே துக்க ஆசாரத்தில் தீவிரமானது. நம் பாட்டிமார்களுக்கு வெள்ளைப் புடவை விதிக்கப்பட்டது போல, அங்கே விதவைக்குக் கருப்பு. முதல் வருடம் மினுக்கம் இல்லாத கருப்புத் துணி மட்டும், அதற்குப் பிறகு இவ்வளவு சலுகை என்று கணக்கெல்லாம் இருந்தது. துக்க காலத்தில் அணியத்தக்க நகை ஜெட்தான். விட்பியில் நூற்றுக்கணக்கான பேர் அந்த வேலையில் பிழைத்தார்கள்.

பிறகு 1914ல் முதல் உலகப் போர் வந்தது. வீட்டுக்கு வீடு சாவு. எல்லாரும் கருப்பு உடுத்தினால் நாடு முழுக்க இழவு வீடாகிவிடும் என்ற நிலைமை. துக்க உடை கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்கிப்போனது. சாவு ஆஸ்பத்திரிக்குள் போனது. அதைப் பற்றிப் பேசுவதே நாகரிகக் குறைவு என்று ஆயிற்று. பரண் மேல் கிடந்த கருப்பு லேஸ் உடைகள் கடைசியில் பழைய துணிக் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1979

நான்காவது பாட்டு. இன்றைய கோத் கூட்டம் உண்மையில் பிறந்தது பாட்டிலிருந்துதான்.

1970களின் கடைசியில் இங்கிலாந்தின் நிலைமை மோசம். வடக்கே நூற்பாலைகளும் தொழிற்சாலைகளும் மூடிக்கொண்டிருந்தன. 1978-79 குளிர்காலத்தில் வேலைநிறுத்தத்துக்கு மேல் வேலைநிறுத்தம். லிவர்பூலில் குழி வெட்டுபவர்களே வேலையை நிறுத்தினார்கள். பிணங்களை அடக்கம் செய்ய முடியாமல் ஒரு தொழிற்சாலைக் கட்டடத்தில் வைத்திருந்தார்கள். 1982 ஜனவரியில் வேலையில்லாதவர்கள் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியது. பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகளுக்கு எதிரே ஒன்றும் தெரியவில்லை.

அதற்குச் சற்று முன், 1976-77ல் பங்க் என்ற இசை கத்திக்கொண்டு வந்தது. யார் வேண்டுமானாலும் கிட்டாரை எடுக்கலாம், மூன்று சுரம் தெரிந்தால் போதும், கோபம் இருந்தால் போதும் என்பது அதன் சித்தாந்தம். இரண்டு மூன்று வருடத்தில் அந்தக் கோபம் ஓய்ந்தது. சிலருக்குக் கோபத்துக்குக் கீழே வேறொன்று இருந்தது. பயம் என்று சொல்லலாம், சோகம் என்றும் சொல்லலாம். அவர்கள் கத்துவதை விட்டுத் தாழ்ந்த குரலில் பாட ஆரம்பித்தார்கள்.

1979 ஜனவரியில், லிவர்பூலில் குழி வெட்டுபவர்கள் வேலைநிறுத்தம் நடந்த அதே குளிர்காலத்தில், நார்த்தாம்ப்டன் ஊரைச் சேர்ந்த பாஹவுஸ் என்ற நான்கு பேர் குழு ஒரு பாட்டைப் பதிவு செய்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் வெளியானது. 'பெலா லுகோசி இறந்துவிட்டார்' என்பது அதன் தலைப்பு. பெலா லுகோசி 1931ல் வந்த டிராகுலா படத்தில் நடித்த ஹங்கேரிய நடிகர். 1956ல் அவர் காலமானபோது டிராகுலா அங்கியோடேயே அடக்கம் செய்தார்கள். மூன்று நிமிடத்தில் பாட்டு முடிய வேண்டும் என்றிருந்த காலத்தில் இது ஒன்பது நிமிடத்துக்கு மேல். குரல் வருவதற்கே வெகுநேரம் ஆகும். வெறும் தாளமும், இறங்கி இறங்கி வரும் பேஸ் கிட்டாரும், கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போன்ற எதிரொலியும்தான். மகள் வீட்டில் ஒரு இரவு காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். பிடித்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாதியில் நிறுத்தவும் முடியவில்லை.

லண்டனில் சூசி அண்ட் தி பான்ஷீஸ் என்ற குழு. அதன் பாடகி சூசி கண்ணுக்குத் தீட்டிய தடித்த மை, அதற்குப் பின் வந்த எத்தனையோ ஆயிரம் பெண்களின் முகத்தில் ஏறியது. கிராலி ஊரிலிருந்து தி க்யூர் குழு. கலைந்த முடியும் கலைந்த உதட்டுச் சாயமுமாக ராபர்ட் ஸ்மித். மான்செஸ்டரில் ஜாய் டிவிஷன்; அதன் பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980 மே மாதம் 23 வயதில் தற்கொலை செய்துகொண்டார். என் மகள் இருக்கும் லீட்ஸில் 1980ல் ஆரம்பமானது தி சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி. அவர்களிடம் டிரம்ஸ் வாசிக்க ஆள் கிடையாது. ஒரு இயந்திரம்தான். அதற்கு டாக்டர் அவலாஞ்ச் என்று பெயர் வைத்து, குழுவில் ஓர் ஆளாகவே சேர்த்துக்கொண்டார்கள்.

1982 ஜூலையில் லண்டன் சோஹோவில் பேட்கேவ், அதாவது வவ்வால் குகை, என்ற பெயரில் வாரம் ஒரு நாள் இரவு கூடும் ஆட்டக் கூடம் ஒன்று திறந்தது. வேலையில்லாத பிள்ளைகளுக்குப் புதுத் துணி வாங்கப் பணம் ஏது? பழைய துணிக் கடைகளில் பாட்டி காலத்து லேஸ் உடைகள் மலிவாகக் கிடைத்தன. கிழிந்திருந்தால் கிழிசலோடேயே போட்டுக்கொண்டார்கள். வேறு நிறத்தில் இருந்தால் வீட்டிலேயே கருப்புச் சாயம் தோய்த்தார்கள். அறுபது வருடம் முன்பு ஒளித்து வைத்த துக்க உடை இப்படித்தான் தெருவுக்குத் திரும்பி வந்தது. இந்தத் தடவை அதை உடுத்தியவர்கள் விதவைகள் அல்லர், இருபது வயதுப் பிள்ளைகள்.

இவர்களுக்கு என்ன பெயர் வைப்பது என்று பத்திரிகைகள் தடுமாறின. 1983 வாக்கில் பாசிட்டிவ் பங்க் என்று ஒரு பெயரை ஒட்டிப் பார்த்தார்கள். ஒட்டவில்லை. கோதிக் என்ற சொல்லோ ஏற்கனவே காற்றில் இருந்தது. 1967லேயே ஜான் ஸ்டிக்னி என்ற மாணவ விமர்சகர் அமெரிக்காவின் தி டோர்ஸ் குழுவைக் கோதிக் ராக் என்று எழுதியிருந்தார். 1979ல் ஜாய் டிவிஷன் இசைக்கும் அந்தச் சொல் வந்தது. அது சுருங்கி கோத் ஆனது. மறுபடியும் பாதிக் கேலிதான். எந்தக் குழுக்களை வைத்து அந்தப் பெயர் வந்ததோ அவர்களே அதை ஏற்கவில்லை. சிஸ்டர்ஸ் குழுவின் ஆண்ட்ரூ எல்ட்ரிச், ராபர்ட் ஸ்மித், சூசி எல்லாரும் நாங்கள் கோத் இல்லை என்று சொன்னவர்கள்தான். ஆனால் கேட்ட பிள்ளைகள் வெட்கப்படவில்லை. ஆமாம், நாங்கள் கோத்தான் என்று சொல்லிக்கொண்டார்கள். 1,500 வருடம் வசையாக இருந்த ஒரு பெயரை விரும்பி எடுத்து வைத்துக்கொண்டவர்கள் இவர்கள்தான்.

இவர்கள் என்ன நம்புகிறார்கள்?

எனக்கிருந்த சந்தேகம் உங்களுக்கும் இருக்கும். பேய் வழிபாடா? பில்லி சூனியமா? இல்லை. இது மதமும் இல்லை, கட்சியும் இல்லை. தேவாலயத்துக்குப் போகிறவரும் உண்டு, கடவுளே இல்லை என்பவரும் உண்டு. அவர்கள் கழுத்தில் தொங்கும், மேலே வளையம் வைத்த சிலுவை போன்ற பதக்கம் சாவுச் சின்னம் என்று நினைத்திருந்தேன். அது அங்க் என்ற பழைய எகிப்தியக் குறி, அர்த்தம் உயிர். 1983ல் 'தி ஹங்கர்' என்ற படத்தில் அது வந்தது, அதிலிருந்து இவர்களிடையே பரவியது. அந்தப் படத்தின் ஆரம்பக் காட்சியில் பாடுவதும் பாஹவுஸ் குழுதான்.

பொதுவாக இருப்பது ரசனை. இருட்டு, பழைய கட்டடம், கல்லறை, நிறைவேறாத காதல், இவற்றில் அழகு காண்பது. கொஞ்சம் நாடகத்தனமும் உண்டு, அதைப் பார்த்துத் தாங்களே சிரித்துக்கொள்ளும் குணமும் உண்டு. எல்லாரும் சிரித்த முகமாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயத்துக்கு உட்படாதவர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்று இது இங்கிலாந்தோடு நிற்கவில்லை. ஜெர்மனியில் கருப்பு வட்டாரம் என்றே இதற்குப் பெயர். சுவர் இடிந்த பின், 1992 முதல், முன்னாள் கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் வருடந்தோறும் பெந்தெகொஸ்தே விடுமுறையில் கூடுகிறார்கள். சுமார் 20,000 பேர். நகரத்தின் பூங்காவில் விக்டோரியா காலத்து உடையில் விரிப்புப் போட்டு உட்கார்ந்து சாப்பிடுவார்களாம். விட்பிக் கூட்டம் 1994ல் சிறியதாக ஆரம்பித்து, பிறகு வருடத்துக்கு இரண்டு தடவை என்று வளர்ந்தது.

பயம் யாருக்கு?

1999 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவில் கொலம்பைன் பள்ளிக்கூடத்தில் இரண்டு மாணவர்கள் துப்பாக்கியோடு புகுந்து 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் கொன்று, தாங்களும் சுட்டுக்கொண்டு இறந்தார்கள். அவர்கள் நீளமான கருப்புக் கோட்டுப் போட்டிருந்தார்கள் என்ற ஒன்றை வைத்து, கோத் கூட்டத்தின் வேலை என்று தொலைக்காட்சிகளில் செய்தி ஓடியது. பிறகு அது தவறு, அவர்களுக்கும் கோத் கூட்டத்துக்கும் சம்பந்தமில்லை என்று தெளிவாயிற்று. அதற்குள் கருப்பு உடுத்திய பிள்ளைகள் பல ஊர்களில் பள்ளியிலும் தெருவிலும் படாத பாடு பட்டுவிட்டார்கள்.

அடுத்ததை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதியாக வேண்டும். லங்காஷயரில் பேக்கப் என்று ஒரு சின்ன ஊர். 2007 ஆகஸ்ட் 11, நள்ளிரவு தாண்டிய நேரம். சோஃபி லங்காஸ்டர் என்ற 20 வயதுப் பெண்ணும் அவளுடைய காதலனும் ஊர்ப் பூங்கா வழியாக வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இருவரும் கோத் உடையில் இருந்தவர்கள். பூங்காவில் இருந்த பையன்கள் சிலர் முதலில் அந்த இளைஞனை அடித்து வீழ்த்தினார்கள். அவன் தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டு, விட்டுவிடுங்கள் என்று சோஃபி கெஞ்சினாள். அவளையும் தலையிலேயே மிதித்தார்கள். அவன் பிழைத்தான். அவள் நினைவு திரும்பாமலே 13 நாள் கழித்து இறந்தாள். முன்பகை எதுவும் இல்லை. வித்தியாசமாக உடுத்தியிருந்தார்கள், அதுதான் காரணம். இரண்டு பையன்களுக்குக் கொலைக்குற்றத்துக்காக ஆயுள் தண்டனை கிடைத்தது.

சோஃபியின் தாயார் சில்வியா லங்காஸ்டர் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. மகள் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கி, பள்ளி பள்ளியாகப் போய், தோற்றத்தை வைத்து மனிதரை வெறுக்காதீர்கள் என்று பிள்ளைகளிடம் பேசினார். 2013ல் கிரேட்டர் மான்செஸ்டர் காவல்துறை, கோத் போன்ற கூட்டத்தாரை அவர்கள் தோற்றத்துக்காகத் தாக்கினால் அதை வெறுப்புக் குற்றமாகப் பதிவு செய்வோம் என்று அறிவித்தது. அங்கே அப்படிச் செய்த முதல் காவல்துறை அதுதான். சில்வியா 2022ல் காலமானார்.

இதைப் படித்த இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அந்தப் பையன்கள் செய்ததும் நான் படிக்கட்டில் செய்ததும் ஒன்றல்ல, எனக்குத் தெரியும். ஆனால் அவர்கள் வீட்டிலும் சின்ன வயதில் யாரோ அவர்கள் கையைப் பிடித்து இழுத்து, அந்த மாதிரி ஆட்கள் பக்கம் போகாதே என்று சொல்லியிருப்பார்களோ என்று தோன்றியது.

படிக்கட்டில் மிச்சம்

மடாலயம் பார்த்துவிட்டு இறங்கும்போது பாதியில் என் இடது முழங்கால் மடங்க மாட்டேன் என்றது. மகளும் மாப்பிள்ளையும் குழந்தையோடு முன்னால் போய்விட்டார்கள். அந்தப் படிக்கட்டில் இடையிடையே சமதளமும், அங்கே அகலமான பலகையும் உண்டு. போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் யார் என்று பார்த்தால், அதே அம்மாள். என் முகத்தைப் பார்த்ததும் பிளாஸ்கிலிருந்து ஒரு மூடி டீ ஊற்றி நீட்டினார்.

இந்தப் பலகை எதற்கு என்று தெரியுமா என்று அவர்தான் பேச்சை ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் மேலே தேவாலயத்துக்குச் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் இறக்கி வைத்து மூச்சு வாங்குவதற்காகப் போட்டதாம். எனக்கு எங்கள் ஊர்ச் சாலையோரச் சுமைதாங்கிக் கல் ஞாபகம் வந்தது. பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக, வழிப்போக்கர்கள் பாரத்தை இறக்கி வைக்க நட்டு வைக்கும் கல். என் ஆங்கிலத்தில் அதை அவருக்கு விளக்கினேன். அவர் இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். இவ்வளவு அழகான வழக்கத்தைத் தான் கேள்விப்பட்டதே இல்லை என்றார்.

லீட்ஸில் ஓர் ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் வேலை பார்த்தவராம். 1983ல், 19 வயதில், அந்த ஊர் மெரியன் சென்டர் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த லெ ஃபோனோகிராஃபிக் என்ற ஆட்டக் கூடத்தில் இந்தக் கூட்டத்தோடு சேர்ந்தார். கணவரைச் சந்தித்ததும் அங்கேதான். கணவர் போய்ச் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. அப்படியானால் இந்தக் கருப்பு அவருக்காகவா என்று கேட்டேன். இல்லை, அவருடைய அடக்கத்துக்கு நான் கருஞ்சிவப்பு உடுத்தினேன், அவருக்குப் பிடித்த நிறம் அது, இது எங்கள் பண்டிகை உடை என்று சிரித்தார்.

அப்போதுதான் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, காலையில் குழந்தையின் கையை இழுத்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பரவாயில்லை, எனக்குப் பழகிவிட்டது என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். அந்த 'பழகிவிட்டது' இன்றுவரை என்னைவிட்டுப் போகவில்லை.

என்னைக் காணோமே என்று தேடிக்கொண்டு பேத்தி படியேறி வந்தாள். பின்னாலேயே மகள். குழந்தை என்னைப் பார்க்கவில்லை, குடையைத்தான் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். போ என்று தலையாட்டினேன். அந்த அம்மாள் குடையை விரித்து அவள் கையில் கொடுத்தார். கடற்காற்றில் அது அவளையே தூக்கிவிடும் போல இழுத்தது. இரண்டு பேருமாகப் பிடித்துக்கொண்டார்கள்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பேரனோ பேத்தியோ ஒரு நாள் வீடியோ காலில் கருப்பு உதட்டுச் சாயத்தோடு வந்து நின்றால், இது என்ன இழவு வீட்டுக் கோலம் என்று ஆரம்பிக்காதீர்கள். நான் அப்படி ஆரம்பிக்கக்கூடியவன்தான். என்ன பாட்டுக் கேட்கிறாய் என்று கேளுங்கள். ஒன்பது நிமிடம்தான், பொறுமையாகக் கேட்டுவிடலாம்.